கிழிந்த கூரையின் முதல் சூடு

ஆய்வகத்துக்குப் புது மிஷின் வந்திருக்கிறதாம். இப்போது அங்கே பொறுப்பில் இருக்கும் கார்த்திகா வாட்ஸ்அப்பில் படம் அனுப்பியிருக்கிறாள். பாலிமர் பிலிமை நறுக்கித் தட்டில் வைத்தால் போதுமாம். அதுவே எடுத்து, அதுவே சூடேற்றி, ‘இந்தப் பிலிம் இன்ன காரணத்தால் கெட்டது’ என்று கடைசி வரி வரைக்கும் அதுவே எழுதிவிடுமாம். “மேடம், உங்க காலத்துல காரணத்தை எல்லாம் எப்படிக் கண்டுபிடிச்சீங்க? நம்ம ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை எழுதித் தாங்க” என்று கேட்டு, கீழே ஒரு கும்பிடு பொம்மை வேறு.

உங்க காலமாம்! நான் எழுந்து வந்த நாற்காலியில் தூசிகூடப் படிந்திருக்காது. இருக்கட்டும். காரணம் கண்டுபிடித்த கதை என்னிடம் ஒரு டஜன் இருக்கிறது. ஆனால் எழுத உட்கார்ந்தால் ஒன்றுதான் முன்னால் வந்து நிற்கிறது. போன மாதம் மும்தாஜ் வீட்டுக்கு வந்து போனதிலிருந்து மனசு அதிலேயே கிடக்கிறது. அதைத்தான் எழுதப் போகிறேன். மலரில் போடுவதும் போடாததும் உன் பாடு கார்த்திகா.

தெரியாதவர்களுக்காக: எங்கள் ஆய்வகம் தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற சாலையில் இருக்கிறது. பால் பாக்கெட், எண்ணெய்ப் பாக்கெட், பண்ணைக்குட்டையில் விரிக்கிற ஷீட், பசுமைக்குடிலின் கூரை என்று பிளாஸ்டிக் பிலிம் எதுவானாலும் அதன் குணத்தை அளந்து சொல்வது எங்கள் வேலை. எந்தச் சூட்டில் உருகும், உள்ளே எவ்வளவு ஒழுங்காக அடுக்கியிருக்கிறது, எவ்வளவு இழுத்தால் கிழியும், இதெல்லாம். கீழப்பாவூரிலிருந்து பஸ் பிடித்து வந்த நான், இயற்பியல் பட்டம் வாங்கிய மிதப்பில் உள்ளே நுழைந்தேன். முதல் சில வருஷம் நறுக்குவதும் எடை போடுவதுமாகவே போனது. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

சொல்ல வேண்டியது மாத்யூ சாரைப் பற்றி. அவர்தான் ஆய்வகத் தலைவர். செங்கோட்டை தாண்டி மலைக்கு அந்தப் பக்கத்துக் கேரளத்துக்காரர். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. தராசில் ஒரு துணுக்கு கூடிவிட்டால் பின்னாலிருந்து “மதி” என்பார். போதும் என்று அர்த்தம். அந்த ஒற்றை வார்த்தைக்கு நாங்கள் பயந்த பயம் ஒரு வசவுக்கும் பயந்திருக்க மாட்டோம்.

சூட்டு மிஷின் என்று நாங்கள் கூப்பிடும் கருவியில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஓர் அலுமினியக் கிண்ணி உண்டு. பிலிமை எறும்பு தூக்கிப் போகிற அளவுக்கு நறுக்கி அதில் இட்டு, மூடியை அழுத்தி, பக்கத்தில் ஒரு காலிக் கிண்ணியையும் வைத்து, இரண்டையும் ஒரே சீராகச் சூடேற்ற வேண்டும். பிலிம் உருகும்போது அந்தக் கிண்ணி கூடுதலாகச் சூட்டை இழுக்கும். திரையில் கோடு பள்ளமாக இறங்கும். பள்ளம் எங்கே விழுந்தது, எவ்வளவு ஆழம் என்பதை வைத்து உள்ளே இருப்பதைச் சொல்லலாம். பிறகு ஆறவிட்டு, அதே துணுக்கை இரண்டாம் தடவையும் உருக்குவோம். பல இடங்களில் முதல் கோட்டைத் தூக்கி எறிந்துவிட்டு இரண்டாவதை மட்டும் அறிக்கையில் போடுவார்கள். சார் விடமாட்டார்.

“ரெண்டாம் சூட்டுல அது என்ன சரக்குன்னு தெரியும். முதல் சூட்டுலதான் அது பட்ட பாடு தெரியும். உருக்கிட்டா போச்சு செண்பகம், பின்னே கிட்டாது” என்பார்.

அவருக்கு இன்னும் இரண்டு வழக்கங்கள் இருந்தன. பிலிமின் சொந்தக்காரர் தன் கையாலேயே, எங்கள் கண் முன்னால், சார் காட்டுகிற இடங்களில் வெட்டித் தர வேண்டும். நாளைக்கு ‘அது எங்க ஷீட்டே இல்லை’ என்று யாரும் சொல்லக் கூடாதல்லவா. அடுத்தது, அறிக்கையில் கையெழுத்து விழுகிற வரைக்கும் அளந்தவர் வாயைத் திறக்கக் கூடாது. இந்த ஊரில் அது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியும். பஸ் ஸ்டாண்டில் நின்றால் பத்து பேர் “என்னக்கா, நம்ம ஷீட்டு என்னாச்சு?” என்பார்கள்.

அழுகைக்கு முன்னால் ஒரு சிரிப்பையும் சொல்லிவிடுகிறேன். குற்றால சீசனில் ஒரு நாள், புத்தம் புது பால் பாக்கெட் பிலிம் ஒன்று, வெயிலில் பல வருஷம் கிடந்து கெட்டது போல அகச்சிவப்புக் கருவியில் கோடு காட்டியது. கெட்ட பிலிமுக்கு ஓர் இடத்தில் முகடு ஒன்று எழும்பும். அதே இடத்தில் அதே முகடு. கம்பெனிக்காரருக்குத் தந்தி அடிக்காத குறையாக நாங்கள் பதறினோம். சார் தாளைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். “இன்னைக்கு யாரு அருவியிலே குளிச்சது?” என்றார். எங்கள் உதவியாள் மாடசாமி அசடு வழியக் கையைத் தூக்கினான். விடியற்காலையில் மெயின் அருவியில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, அந்தக் கையோடு வந்து பிலிமைப் பிடித்திருக்கிறான். எண்ணெய்க்கும் அந்த இடத்தில்தான் முகடு எழும்பும். “ஏலே, உன் தலை எண்ணெய்க்கு நாங்க அறிக்கை எழுதப் பார்த்தோமே!” என்று நான் கத்தியது வாசல் வரைக்கும் கேட்டதாம்.

இனி சம்சுதீன் விஷயம்.

சம்சுதீன் சவுதியில் ஏ.சி. மெக்கானிக்காக இருந்தவர். கல்யாணம் ஆன பிறகும் வருஷக்கணக்கில் அங்கேதான் கிடந்தார். ஒரு கட்டத்தில் போதும் என்று கிளம்பி வந்து, சேர்த்ததை எல்லாம் போட்டு, இலத்தூர் பக்கம் ஒரு பசுமைக்குடில் அமைத்தார். உள்ளே வெள்ளரி. மருந்து அடிக்காத வெள்ளரி என்பதால் மலைக்கு அந்தப் பக்கத்துச் சந்தையில் நல்ல கிராக்கி. வாரக் கடைசியில் லோடு ஏற்றிக்கொண்டு அவரே போவார். பாஸ்போர்ட்டைப் பீரோவின் மேல் தட்டில் தூக்கிப் போட்டாச்சு, இனி எடுக்கவே மாட்டேன் என்று சொல்லிக்கொண்டிருந்த மனிதர்.

கூரை கிழிந்தது. ஓர் இடத்தில் தையல் விட்டது போலக் கிழிந்தால் ஒட்டிக்கொள்ளலாம். இது தொட்ட இடமெல்லாம் அப்பளமாக நொறுங்கியது. கம்பெனி எழுதிக் கொடுத்த உத்தரவாதக் காலத்தில் பாதிகூட ஆகவில்லை. அவர்கள் பிலிமில் குறை என்றால் புதுக் கூரை இலவசம். குறை கம்பெனி மேல் இல்லை என்று நிரூபணமானால் ஒன்றும் கிடையாது. இரண்டு பக்கமும் எங்கள் ஆய்வகத்தின் சொல்லுக்குக் கட்டுப்படுவதாக ஒத்துக்கொண்டார்கள்.

“புதுக் கூரை கிடைச்சா தப்பிச்சேன் சார். இல்லேன்னா மறுபடி விமானம்தான்” என்றார் சம்சுதீன். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

பிலிம் வெட்ட நானும் சாரும் போனோம். ஏணியைப் பிடித்துக்கொண்டு அவர் மனைவி மும்தாஜ் நின்றாள். முக்காடு நழுவாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டே ஏணியையும் பிடித்திருந்தாள். சார் இடம் காட்டக் காட்ட சம்சுதீன் வெட்டினார். இரும்புக் குழாய்மேல் படிந்திருந்த இடம், குழாய் படாத இடம், ஓரம், நடு, கதவுக்குப் பக்கத்தில் தண்ணீர் டிரம்முக்கு நேர் மேலே.

“அங்கனயும் வெட்டணுமா?” என்று மும்தாஜ் கேட்டாள். அவள் பேசிய ஒரே வார்த்தை அதுதான். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மிச்சம் விழுந்த பிலிம் ஒன்று அவர்கள் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் சுருட்டிக் கிடந்தது. சார் அதையும் கேட்டு வாங்கினார். கூரைக்கு ஏறாத அதே சரக்கு.

அளவெடுக்க ஆரம்பித்தோம். இரண்டாம் சூட்டில் எல்லாத் துணுக்கும் ஒரே கோடு. ஆக, கம்பெனி சரக்கை மாற்றிக் கொடுக்கவில்லை. கட்டிலுக்கு அடியில் கிடந்தது முதல் சூட்டிலும் நன்றாகவே இருந்தது. இழுத்தால் ரப்பராக நீண்டது. கூரைத் துணுக்குகளின் முதல் சூட்டில்தான் பள்ளம் உருமாறிக் கிடந்தது. பாவம், வெயிலில் நிறையவே பாடு பட்டிருக்கிறது. குழாயின் சூடு காரணமாக இருக்கும் என்று நான் நினைத்தேன். ஆனால் குழாய் பட்ட இடமும் அதை ஒட்டிய படாத இடமும் ஒரே மாதிரி கெட்டிருந்தன. அகச்சிவப்புக் கருவியில் அந்த முகடு மலையாக நின்றது. சார் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, “யாரு அருவியிலே குளிச்சது?” என்றார். சீசனே இல்லை, அருவியில் தண்ணீரும் இல்லை. யாரும் சிரிக்கவில்லை.

குடிலின் வரைபடத்தை ஒரு தாளில் போட்டு, ஒவ்வொரு துணுக்கும் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று அந்தந்த இடத்தில் குறித்தேன். குறித்து முடித்ததும் எனக்கே திக்கென்றது. கேடு ஒரு வட்டமாக இருந்தது. நடு மையம் கதவுக்குப் பக்கம், தண்ணீர் டிரம்முக்கு மேலே. அங்கிருந்து தள்ளிப் போகப் போகக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. வெயில் அப்படி ஓர் இடம் பார்த்து அடிக்காது.

“கந்தகம் பாருங்கோ” என்றார் சார்.

இந்த மாதிரிக் கூரைப் பிலிமுக்குள் வெயிலைத் தாங்குவதற்கென்று ஒரு மருந்து கலந்திருப்பார்கள். கந்தகம் ஏறினால் அந்த மருந்து செத்துப்போகும். கம்பெனியின் உத்தரவாதத் தாளிலேயே கந்தகத்துக்கு ஓர் அளவு போட்டு, அதற்கு மேல் போனால் பொறுப்பில்லை என்று எழுதியிருக்கும். துணுக்குகளை வெளியூர் ஆய்வகத்துக்கு அனுப்பி அளந்து வாங்கினோம். அளவு மீறித்தான் இருந்தது. டிரம்முக்கு மேலே வெட்டியதில் மிக அதிகம். சார் சம்சுதீனுக்குப் போன் போட்டு, கந்தகம் ஏதாவது தெளித்தீர்களா என்று கேட்டார். “வேப்பெண்ணெய் தவிர ஒண்ணும் உள்ளே விடமாட்டேன் சார்” என்று அவர் சத்தியம் செய்தார்.

மறுநாள் மத்தியானம் மும்தாஜ் தனியாக ஆய்வகத்துக்கு வந்தாள். சாப்பாட்டு நேரம். என் டிபன் பாக்ஸ் திறந்தபடி கிடந்தது.

“அக்கா, கந்தகம்னு சார் போன்ல கேட்டாகளாமே.”

நான் விதிப்படி வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

“நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். நான் சொல்லுதேன். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை வீட்டுல சாம்பிராணி போடுவோம்லா, அந்தக் கரண்டியிலதான் போட்டேன். அவுக சந்தைக்குப் போயிருந்தாக. இலையெல்லாம் மாவு தூவுன மாதிரி வெள்ளையா பூத்துக் கெடந்துச்சு. உரக்கடையில கேட்டேன், கந்தகப் புகை காட்டுன்னான். கங்கு மேல சாம்பலை மூடி, லேசா தூவி, டிரம்மு பக்கத்துல வச்சு கதவைச் சாத்திட்டு வந்தேன். பூத்தது போயிருச்சுக்கா. அதுக்கப்புறம் பூக்கவே கூடாதுன்னு வாரா வாரம் போட்டேன்.”

“அவர்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?”

“எப்படிச் சொல்ல? மருந்து போடாத வெள்ளரின்னு சொல்லித்தானே விக்குதாக. அவுக வந்து இலையைப் பார்த்துட்டு, ‘உன் கைராசி புள்ள’ன்னாக. நான் சிரிச்சுக்கிட்டே நின்னுட்டேன்.” முக்காட்டின் நுனியால் கண்ணைத் துடைத்தாள். “அதை மட்டும் எழுதாதீங்கக்கா. கூரை கெடைக்கலேன்னா அவுக போயிருவாக. என்னாலதான் போனாகன்னு ஆயிரும்.”

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. ‘ஏட்டி, கேட்டுட்டுச் செய்யக் கூடாதா’ என்று வாய் வரைக்கும் வந்தது. அப்புறம் அவள் கையைப் பார்த்தேன். பெருவிரல் ஓரத்தில் கங்கு பட்ட தழும்பு. டிபன் பாக்ஸை மூடிவைத்தேன்.

சாரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். கந்தகத்தை விட்டுவிட்டு, ‘வெயிலால் கெட்டது’ என்று எழுதினால் என்ன என்றும் கேட்டேன். அவர் பேனாவின் மூடியைத் திருகித் திருகித் திறந்தார்.

“எனக்கும் சங்கடம் உண்டு செண்பகம். ஆனா கந்தகம் பிலிமுக்குள்ள இருக்கு. இருக்கிறதை இல்லைன்னு எழுத என் கை வராது. யாரு போட்டதுன்னு பிலிம் சொல்லலை. அதை நாம எழுத வேண்டாம்.”

“அந்த வட்டம் போட்ட படத்தையாவது எடுத்துடலாமே சார்?”

“படமும் அளவுதான்.”

நான் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். “மதி” என்றார். கையெழுத்துப் போட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அன்று முழுக்க அதை அவர் திரும்ப மாட்டவில்லை. அன்றைக்கு அவர்மேல் எனக்குத் தாங்காத ஆத்திரம். இன்றைக்கு என்னைக் கேட்டால் அவர் எழுதியது சரி என்றுதான் சொல்வேன். சரி என்பதால் வயிற்றெரிச்சல் தீருமா?

அறிக்கையை வாங்க சம்சுதீன் தனியாக வந்தார். ஆங்கிலத்தில் இருந்ததால் நான் வரி வரியாகச் சொன்னேன். கந்தகம் என்றதும், “நான் போடவே இல்லையே மேடம்” என்று படபடத்தார். நான் படத்தைத் திருப்பி அவர் பக்கம் வைத்தேன். அவர் விரல் ஓரத்தில் தொடங்கி, நடுவுக்கு வந்து, கதவுக்குப் பக்கத்தில் போய் நின்றது.

“புகை போட்டாலும் ஏறுமா மேடம்?”

“ஏறும்.”

விரலை எடுக்காமல் இருந்தார். “சந்தையிலேருந்து வந்தா வீட்டுல சாம்பிராணி வாசம் இருக்கும். கொஞ்ச நாளா வேற வாசம். வெடி வாசம் மாதிரி. பக்கத்துல எவனோ வெடி போட்டிருப்பான்னு நெனச்சேன்.” சிரிக்கப் பார்த்தார்; முகம் கோணிக்கொண்டது. “அவ வெள்ளரியைக் காப்பாத்தியிருக்கா மேடம். அந்த மாசம் ஊர்ல எல்லாவனுக்கும் கொடி போச்சு, எனக்கு மட்டும் நின்னுச்சு.”

நான் தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு எழுந்தார்.

“ஒரு உதவி. மும்தாஜ் வந்து கேட்டா ஒண்ணும் சொல்லாதீக. கம்பெனிக்காரன் ஏமாத்திட்டான்னு நான் சொல்லிக்கிடுதேன். அவளாலதான்னு தெரிஞ்சா தாங்க மாட்டா.”

சரி என்றேன். அவள் ஏற்கெனவே வந்து போனதை நான் சொல்லவில்லை. அது அவள் என்னை நம்பிச் சொன்னது. இவர் இப்போது கேட்பதும் என்னை நம்பித்தான். ஒருவருக்காக ஒருவர் மறைக்கிற இரண்டு பேருக்கு நடுவில் நான் என்ன செய்ய முடியும்?

பெருநாள் முடிந்ததும் அவர் சவுதிக்கு விமானம் ஏறினார். குடில் இரும்புக் கூடாக நின்றது. கொஞ்ச நாளில் அதில் பாகற்கொடி ஏறியது. அவர் போன அடுத்த வாரமே மும்தாஜ் ஒரு பை நிறையக் கடைசி வெள்ளரிக்காய்களோடு என்னிடம் வந்தாள். வீட்டில் சம்சுதீன் சொன்னதை அப்படியே நம்பியிருந்தாள். கம்பெனி கைவிரித்துவிட்டது, கந்தகப் பேச்சே அறிக்கையில் இல்லை என்று. நான்தான் அவளுக்காக மறைத்தேன் என்று நினைத்துக்கொண்டு என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நான் பையை வாங்கிக்கொண்டேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு பெருநாளுக்கும் நெய்ச்சோறு வரும். என் வீட்டில் எல்லோரும் போட்டி போட்டுச் சாப்பிடுவார்கள். நான் பரிமாறுவதோடு சரி.

வருஷங்கள் ஓடின. சார் ஓய்வு பெற்று மலைக்கு அந்தப் பக்கம் தன் ஊருக்கே போய்விட்டார். சம்சுதீன் விடுமுறைக்கு வருவார், போவார். மகளைக் கட்டிக் கொடுக்க வந்தார், போனார். அடுத்த வருஷம் வந்துவிடுகிறேன் என்று ஒவ்வொரு தடவையும் சொல்வாராம். நானும் ஓய்வு பெற்றேன். அதற்குக் கொஞ்ச நாள் முன்புதான் அந்தச் செய்தி வந்தது. சவுதியில் வேலை செய்துகொண்டிருந்த சம்சுதீன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம். அவ்வளவுதான். அங்கேயே அடக்கம் செய்தார்கள். மும்தாஜ் அவர் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

கணவனை இழந்தவள் வெளியே வராமல் வீட்டோடு இருக்கிற இத்தாவை முடித்துவிட்டு, போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் என் வீட்டுக்கு வந்தாள். வெளியே சாரல். ஈர முக்காட்டோடு நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள்.

“அவுக ஒண்ணும் தெரியாமலே மவுத்தாயிட்டாகக்கா. ஒரு தடவையாவது சொல்லியிருக்கணும். நெஞ்சு அறுக்குது. நீங்க அன்னைக்கு எனக்காக மறைச்சீங்க, அந்தப் பாரத்தை உங்க தலையிலயும் ஏத்திட்டேன்.”

அவர் கேட்ட உதவி எனக்கு நினைவிருந்தது. ஆனால் அந்த நன்றியை இனியும் வாங்கிக்கொள்ள என்னால் முடியவில்லை.

“நான் மறைக்கலை மும்தாஜ். அறிக்கையில கந்தகம்னு எழுதித்தான் இருந்துச்சு. அவர்கிட்ட நான்தான் படிச்சுக் காட்டினேன். கதவுப் பக்கத்துல விரலை வச்சு அவரே கண்டுபிடிச்சார். நீ தாங்க மாட்டே, சொல்லாதீகன்னு எங்கிட்டக் கேட்டுக்கிட்டார்.”

“தெரிஞ்சேவா போனாக?”

“தெரிஞ்சேதான்.”

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு யாரிடமோ கணக்குக் கேட்பது போலப் பேசினாள்.

“வெள்ளிக்கிழமை தவறாம போன்ல கேப்பாக. ‘சாம்பிராணி போட்டியா புள்ள’ன்னு. அந்தக் கரண்டியைப் பார்த்தாலே எனக்கு உதறும். அவுக விமானம் ஏறுன அன்னைக்கே கெணத்துல வீசிட்டேன். அப்புறம் வீட்டுல புகையே காட்டல. ஆனா போட்டேன்னுதான் சொல்லுவேன். ‘வாசம் இங்கன வரைக்கும் வருதுட்டி’ன்னு சிரிப்பாக. எத்தனை வருசம் கேட்டாகக்கா! பரவால்ல, நீ போடு, போடுன்னுல்லா சொல்லியிருக்காக. எனக்கு வெளங்கலையே. எல்லா வாரமும் பொய்தானே சொன்னேன்.”

அப்போதுதான் உடைந்தாள். நானும் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதேன். வயசான இரண்டு பொம்பளைகள் விளக்குப் போடாமல் அழுதுகொண்டிருந்தோம்.

கொஞ்ச நேரம் கழித்து முகத்தைக் கழுவிவிட்டு வந்தவள், “வீட்டுல சாம்பிராணி இருக்கா?” என்று கேட்டாள். இருந்தது. தேங்காய்ச் சிரட்டையைப் பற்றவைத்து, கங்கெடுத்து, பூஜையறைக் கரண்டியில் போட்டுக் கொடுத்தேன். பாதிப் பொடி தரையில் சிந்தியது. மிச்சத்தை அவள் தூவினாள். புகை எழுந்து சன்னல் பக்கம் போனது. அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“போட்டுட்டேன்” என்றாள். என்னிடம் சொல்லவில்லை.